எங்க வீட்டுக் கிழமை

– நாளைக்குக் கணக்குப் பரீட்சை. நீ என்னடா குட்டிம்மா, காலை ஆட்டிக்கிட்டுப் படுத்திருக்க?

– கத்தாதீங்கப்பா. ஒரு நாளைக்கு ஒரு பாடம், ராத்திரி நல்ல தூக்கம். அப்படித்தான் படிக்கிறேன். இன்னிக்கு வடிவியல் முடிஞ்சுது. நாளைக்கு நிகழ்தகவு. அதுக்கு மறுநாள் எல்லாத்தையும் சும்மா ஒரு தடவை திருப்பிப் பார்த்தாப் போதும்.

– மறுநாளா? ஐயையோ, நாளைக்குக் காலைல பரீட்சைம்மா! புதன்கிழமை!

– இல்லப்பா. வெள்ளிக்கிழமை.

– யாரு சொன்னா?

– யாரும் சொல்லல. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

– கிழமையையா போட்டுப் பார்த்த? எனக்குத் தலையே சுத்துது.

– நம்ம வீட்டுல எதுப்பா நிஜ நேரத்துல நடக்குது? கடிகார முள்ளைப் பத்து நிமிஷம் முன்னாடி வெச்சிருக்கீங்க. எட்டு மணி பஸ்ஸை ஏழரைன்னு சொல்வீங்க. சித்தி ஊருக்கு நாம போறப்ப முந்தின நாளே போய் ஸ்டேஷன்ல பெட்டியோட உக்காந்திருந்தோமே, மறந்துட்டீங்களா?

– லேட்டாகிடக் கூடாதேன்னு ஒரு நல்ல எண்ணம்தான்...

– அதேதான். நான் காய்ச்சல்ல கிடந்தப்ப டீச்சர் அம்மாகிட்டதான் போன்ல தேதி சொன்னாங்க. அம்மா ஒரு நாளை முன்னாடி இழுத்து உங்ககிட்ட சொல்லியிருக்கும். நீங்க இன்னொரு நாளை இழுத்து என்கிட்ட சொன்னீங்க. அப்போ வெள்ளிதானே?

– ஃப்ரெண்ட்ஸ் யாரையாவது கேட்டிருக்கலாம்ல?

– கேட்டா, "நீ எல்லாம் முடிச்சுட்டியா?"ன்னு பயம் காட்டி விட்டுடுவாங்க. போன பரீட்சைல அப்படித்தானே ஆச்சு? எல்லாம் தெரிஞ்சும் பேனாவைப் பிடிக்க முடியாம வெள்ளைத் தாளைக் கொடுத்துட்டு வந்தேன். இப்ப பாருங்க, கையை நீட்டுறேன். நடுங்குதா?

– துளிகூட இல்லடா.

– ரெண்டு நாள் மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சாலே எனக்குப் பயம் போயிடுதுப்பா.

– சரி, ஒத்துக்கிறேன். உங்கம்மா வியாழன்னுதான் சொன்னா. நான்தான் அதைப் புதனாக்கினேன். இந்தாம்மா, அடுப்பை அணைச்சுட்டு இங்க வா! நிஜமா என்னிக்குப் பரீட்சை?

– என்னங்க கேள்வி இது? நீங்கதானே அவகிட்ட புதன்னு சொன்னீங்க.

– அது நானா இழுத்து விட்டது! நீ என்கிட்ட வியாழன்னுதானே சொன்ன?

– நீங்களா இழுத்து விட்டதா? டீச்சர்கிட்ட கேட்டுத் திருத்திட்டீங்கன்னுல்ல நினைச்சேன்!

– எதைத் திருத்தணும்? நீ சொன்னதுல என்ன தப்பு? ஒண்ணும் புரியலையே.

– அம்மா, நீ எப்பவும்போல ஒரு நாள் முன்னாடி இழுத்துத்தானே சொன்ன? ஆமான்னு சொல்லும்மா.

– இல்லடி. அன்னிக்கு உனக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது. பார்க்கவே பாவமா இருந்துச்சு. புள்ள நிம்மதியாப் படுத்து எழுந்திரிக்கட்டும்னு, அந்த ஒரு தடவைதான், ஒரு நாள் பின்னாடி தள்ளிச் சொன்னேன்.

– அப்போ வியாழனும் இல்லையா? நான் புதன்னு சொன்ன பொய்தான் நிஜமா?

– அப்பா... நிகழ்தகவை நான் இன்னும் தொடவே இல்ல. என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க.