மேக்குச் செவுரு

அந்தக் கதவ எதுக்கு மேடம் அப்படித் தடவித் தடவிப் பாக்குறீங்க? பழசுன்னு யார் சொன்னா, இன்ஜினியரா? போன மாசம் வந்த கதவு அது. சங்கிலியால நாலு சாத்து சாத்தி, டீத்தண்ணியத் தேச்சு வச்சோம். ஒரே சாயங்காலத்துல நூறு வயசாயிருச்சு. நெசக் கதவா? அது விறகாப் போச்சு. பாத்தா பழசு மாதிரியே இல்லையாம்!

கட்டடம் சரியா இருக்குன்னு கையெழுத்து இன்னும் போடலல்ல? போடாதீங்க. ரெண்டு நிமிசம் கேளுங்க.

நான் இங்க கொத்தனார். பஞ்சு குடோன இடிக்காம லைப்ரரியா மாத்துறது நல்ல காரியந்தான், யார் இல்லைன்னா? மொத நாள் நானே கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, இவங்க காப்பாத்துற லட்சணத்துக்கு இடிச்சிருந்தாலே தேவலாம்னு.

இது சுண்ணாம்புச் செவுரு மேடம். ஈரத்த வாங்கும், வெளிய விட்டுரும். அது மேல சிமெண்ட அப்புனா ஈரம் எங்க போகும்? உள்ளயே நின்னு செங்கல்ல மாவாக்கிரும். சொன்னேன். நீ கரண்டியப் பிடிச்சாப் போதும்னுட்டாரு இன்ஜினியரு, பெரிய மனுசன். இந்த மேக்குச் செவுத்துக்கு ஒத்தாசையா குறுக்க ஒரு செவுரு இருந்துச்சு. ஹாலு விசாலமாத் தெரியணும்னு அதையும் பேத்தாச்சு. போட்டோவுக்கு நல்லா இருக்குமாம். மேல்தளம் சாஞ்சா போட்டோ பிடிக்கிறவனா வந்து தாங்குவான்?

அழகா இருக்கா? ஏன் இருக்காது, மூணு தடவ வெள்ளை அடிச்சிருக்குல்ல. தட்டிப் பாருங்க. அங்க இல்ல, இங்க. பொத்துப் பொத்துன்னு கேக்குதா? உள்ள விரிசல். தரையிலருந்து ஜன்னல் வரைக்கும், என் கை முழுசாப் போற அகலம்.

பேனாவ மூடுங்க மேடம். தெறக்கலாம்னு நீங்க எழுதிட்டா நாளைக்குக் காலையில ஊரே உள்ள வந்து நிக்கும்.

எனக்கு எப்படித் தெரியுமா? அடைச்சதே நாந்தான். முந்தாநேத்து, கல்லும் சிமெண்டுமாத் திணிச்சு, மேல பூசி, அடுத்த ஆளு வெள்ளை அடிக்கிற வரைக்கும் கூடவே நின்னேன். வேலை போயிரும்னு வாயப் பொத்திக்கிட்டேன். நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல, இன்னைக்கும் பொத்திக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்.

காலையில எம் பொண்ணு ஓடி வந்து சொல்றா, அப்பா, லைப்ரரியில வேலை கெடைச்சிருச்சுன்னு. அவ மேசைய இந்தச் செவுத்த ஒட்டித்தான் போட்டிருக்காங்க.