மூச்சு வாங்காமல் பத்து வரை

மணி ஆறே முக்கால். ஐஸ் கம்பெனி ரோடு. கம்பெனியை மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தக் கேட்டைத் தாண்டும்போது மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறும்... அமோனியாவும் ஈர உமியும் கலந்த நெடி. தெருவிளக்கு மொத்தம் ஒன்பது. எரிவது ஒன்று. அதுவும் நம் மேல் பரிதாபப்பட்டு எரிகிற மாதிரி.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் பழைய ஆபீஸ் நண்பரின் மச்சினிக்கு நடந்தது. சந்தேகம் இருந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அவர் இப்போதெல்லாம் இருட்டிய பிறகு போனை எடுப்பதில்லை, அது வேறு விஷயம்.

அந்த மச்சினி ஆஸ்பத்திரியில் காது சோதிப்பவள். சத்தம் புகாத அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்கிற வேலை. இருபது வருஷம் அதையே செய்ததில், மூன்றாவது மாடியில் கொசு தும்மினால்கூட அது சளியா தூசியா என்று சொல்லிவிடுவாள். சிநேகிதிகள் அவளுக்கு வைத்த பெயர் 'காது'.

சிநேகிதிகள் எல்லாரும் பிள்ளைகளோடு சேர்ந்து அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்து, பிள்ளைகள் எழுந்து போன பிறகும் எழுந்திருக்காதவர்கள். மாதம் ஒரு பார்ட்டி, அழகு நிலையக்காரியின் மாடி அறையில். பாட்டின் இசையை மட்டும் போடுகிற ஒரு கரோக்கே பெட்டி, இரண்டு மைக். அனிமே பாட்டு மட்டும்தான். ஜப்பானிய வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார்கள். ஜப்பான்காரர் யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே கப்பல் ஏறியிருப்பார்.

யாருக்கு எந்தப் பாட்டு என்று முடிவு செய்வது காதுதான். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். பாடிக் காட்டச் சொல்ல மாட்டாள். ஒன்றிலிருந்து பத்து வரை நிதானமாக எண்ணி, போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்வாள். குரல் எங்கே தடிக்கிறது, எந்த எண்ணில் மூச்சு வாங்குகிறது... அவ்வளவு போதும். பல் டாக்டரம்மாவுக்கு ஐந்தில் மூச்சு வாங்கும். அவளுக்குத் துள்ளல் பாட்டு, இரண்டு கட்டை இறக்கி. தையல்கடைக்காரி எட்டு வரை தாங்குவாள். அவளுக்கு வாள்சண்டைத் தொடரின் பாட்டு. ஒருத்தர்கூட மேடையில் அசிங்கப்பட்டதில்லை.

அன்றைக்கு ஐந்து பேர் எண்ணி அனுப்பியிருந்தார்கள். ஆறாவது ஆள், பார்ட்டிக்குப் போகிற வழியில், பக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். காதின் தங்கை. போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். எட்டு மாதம் நோட்டில் எழுதிக் காட்டித்தான் பேச்சு. இப்போது குரல் வந்துவிட்டது, ஆனால் சரளைக்கல்லை அரைக்கிற மாதிரி. மூன்று எண்ணுவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். இத்தனை நாள் கழித்து இன்றைக்குத்தான் நாலு பேர் முன்னால் பாடப் போகிறாள். அவள் பாடி முடித்துச் சிரிப்பதைப் பார்க்கவேண்டும், காதுக்கு அது ஒன்றுதான் ஆசை.

"அக்கா, எனக்கு அந்த ஓநாய்க்குட்டிப் பாட்டு குடு."

"அதுல ஒரு இழுப்பு இருக்குடி. பதினெட்டு செகண்ட். நடுவுல மூச்சு விட இடமே இல்ல. உனக்குப் பூனை ஹோட்டல் பாட்டு எழுதிட்டேன். கரகரன்னு பாடினாத்தான் அது எடுபடும்."

"நீ காதுக்கு டாக்டரா, இல்ல என் தலையெழுத்துக்கா?"

"ரெண்டுக்கும்தான். ரோட்டைப் பாரு."

ஐஸ் கம்பெனி கேட் வந்தது. நெடி ஏறியது. டிங்... போனில் புதிதாக ஒரு பதிவு. பெயர் இல்லாத நம்பர். யாராவது புது ஆளைக் கூட்டி வருவது வழக்கம்தான். காதில் வைத்துக் கேட்டாள்.

ஒன்று... இரண்டு... மூன்று...

பெண் குரல். வெண்கல மணியைத் துணியால் துடைத்து வைத்த மாதிரி. பின்னால் எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. சொட்... சொட். பத்து வரை எண்ணி முடித்தது. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். தொடங்கும்போதும் மூச்சு இழுக்கவில்லை, முடித்தபோதும் விடவில்லை. இருபது வருஷத்தில் அப்படி ஒன்றை அவள் கேட்டதே இல்லை.

நாமாக இருந்தால் போனை ஜன்னல் வழியாக எறிந்திருப்போம். இவள் சந்தோஷப்பட்டாள். கெட்டிக்காரர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். 'ஏழு, புது ஆள், ஓநாய்க்குட்டி' என்று பட்டியலில் எழுதினாள்.

தங்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். "மூஞ்சி தெரியாதவளுக்கு உண்டு. எனக்குக் கிடையாது."

மாடி அறையில் ஐந்து பேரும் பாடி முடித்தார்கள். தங்கையின் முறை வந்தது. "எனக்கு வேண்டாம், அடுத்தது போடுங்க" என்றாள். பட்டியலை ஏற்றியிருந்த பெட்டி தானாக ஏழுக்குத் தாவியது. ஓநாய்க்குட்டிப் பாட்டின் முன்னிசை தொடங்கியது.

"புது ஆள் யாருப்பா?" என்றாள் காது.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க யாரையும் கூப்பிடலையே" என்றாள் அழகு நிலையக்காரி.

அறையில் அதுவரை ஹேர் ஸ்பிரே வாசனைதான். இப்போது அதற்கு அடியில் இன்னொன்று... சுருக்கென்று. ஈர உமி.

"நிறுத்துங்க" என்று காது சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கை மைக்கை எடுத்துவிட்டாள். "வராதவ பாட்டுதானே. நான் பாடிக்கறேன்."

முதல் வரியிலேயே அறை அடங்கிப்போனது. கரகரப்பு இல்லை. வெண்கல மணி. இழுப்பு வந்தது. பத்து செகண்ட்... பதினெட்டு... முப்பது... பின்னணி இசை முடிந்து பெட்டி அணைந்தது, குரல் நிற்கவில்லை. எல்லார் கண்ணிலும் தண்ணீர். காது மட்டும் தங்கையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் தழும்புக்குக் கீழே ஒரு குழி உண்டு. மூச்சு இழுத்தால் அது உள்ளே போகும். அது அசையவில்லை.

பாடி முடித்துத் தங்கை சிரித்தாள். தையல்கடைக்காரி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "என்னடி, கை இப்படி ஜில்லுனு இருக்கு?"

ஒன்பதரை மணிக்குத் திரும்பினார்கள். இந்த முறை காது ஓட்டினாள். தங்கை பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். லேசாக மழை. முன்கண்ணாடி காதின் மூச்சில் மங்கிக்கொண்டே வந்தது. துடைத்தாள், மங்கியது. பின்னால் தங்கை ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"பசிக்குதாடி?"

தங்கை கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. பாடி முடித்ததிலிருந்து ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஐஸ் கம்பெனி கேட். எரிகிற அந்த ஒரே விளக்கு. டிங்...

அதே நம்பர். ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

சொட்... சொட். குளிரில் பற்கள் தந்தியடிக்கிற சத்தம். பிறகு சரளைக்கல் அரைக்கிற குரல்.

"ஒண்ணு..." மூச்சு. "ரெண்டு..." மூச்சு. "மூணு..." நீளமாக, திணறித் திணறி இழுக்கிற மூச்சு. "அக்கா... இங்க... குளிருதுக்கா."

பதிவு அத்தோடு நின்றது.

பின்சீட்டிலிருந்து வெண்கல மணி மாதிரி ஒரு குரல், விட்ட இடத்திலிருந்து நிதானமாகத் தொடர்ந்தது. நாலு... அஞ்சு... ஆறு... ஏழு... எட்டு... ஒம்பது... பத்து.

நடுவில் எங்கும் மூச்சு வாங்கவில்லை.