வாலிலேயே எழுதியிருந்தது

ஐயா,

கடிதத்தில் தேதியை வலது மூலையில்தான் எழுத வேண்டும். இப்போது எல்லாரும் இடது பக்கம் போடுகிறார்கள். நாங்குநேரியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் வலது மூலை என்றுதான் சொல்லித்தந்தார்கள், நான் அதை மாற்றிக்கொள்ளவில்லை. நடந்ததை வாக்குமூலமாக எழுதித் தரச் சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். கோடு போட்ட தாளாக இருந்தால் இன்னும் நன்றாக வரும். பரவாயில்லை.

என் பெயர் வனமாமலை. கார்களுக்கு வேண்டிய தகடுகளைப் பிரஸ்ஸில் வைத்து அடித்துக் கொடுக்கும் ஒரகடம் கம்பெனி ஒன்றில் கடிதம் எழுதுவது என் வேலையாக இருந்தது. வங்கிக்கு, மின்வாரியத்துக்கு, ஜப்பான்காரர்களுக்கு, எல்லாருக்கும் நான்தான் எழுதுவேன். முதலாளி தணிகாசலம் கையெழுத்துப் போடுவார். சேரப்பணஞ்சேரிக்காரர். பேச்சு சத்தமாக இருக்குமே தவிர மோசமான ஆள் இல்லை. மோசம் என்ற சொல் பின்னால் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அவருடைய பங்காளி ஒருவர் ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்து மகள் கல்யாணத்தில் பூ தூவினார். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தமாகவே விமானம் வாங்குவது என்று முடிவு செய்து, ஆறு பேர் உட்காரும் பழைய ஜெட் ஒன்றை விலை பேசினார். இங்கே பதிவு செய்தால் வரி. அதைவிட, பணம் எங்கிருந்து வந்தது என்று உங்களைப் போன்றவர்கள் கேட்பீர்கள். ஆகவே தரகர் ஒரு தீவைக் காட்டினார். அங்கே ஒரு கம்பெனி தொடங்கி, அதன் பெயரில் விமானத்தைத் தீவின் பதிவேட்டில் ஏற்றிவிடலாம். விமானம் அங்கே போகக்கூட வேண்டாம், கடிதம் போனால் போதும்.

“இன்னாய்யா வனமாமல, அந்தத் தீவாண்ட கடல் கீதா?” என்று கேட்டார்.

“நாலு பக்கமும் இருக்குங்க.”

“அப்ப சரி. ஆனா ஒண்ணு, என் பேரு எங்கியும் வரக் கூடாது.”

இயக்குநர் என்று ஒரு பெயர் வேண்டும், உடைமையாளர் என்று ஒரு பெயர் வேண்டும் என்றேன்.

“உன் பேரப் போட்டுக்கினு போ. உன்ன யாருக்குய்யா தெரியும்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். விமானம் உண்மையில் தணிகாசலத்துடையது, வனமாமலை பெயருக்கு மட்டும்தான் என்று தனியாக ஒரு பத்திரம் எழுதிவைப்பது வழக்கமாம். தரகர் சொன்னார். அதையும் எழுதி நீட்டினேன்.

“இதுல என் பேரு கீதே” என்றார்.

ஆமாம் என்றேன். கிழித்துவிட்டார். கிழித்தது நான் இல்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பதிவு எழுத்து. அந்தத் தீவின் விமானங்களுக்கு முதலில் எம், பிறகு ஒரு சிறு கோடு, அதன்பின் நமக்குப் பிடித்த நான்கு எழுத்துகள். குன்றத்தூர் எண்கணித ஜோசியர் கூட்டுத்தொகை பத்தொன்பது வர வேண்டும் என்றார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கூட்டிக் கழித்து ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்: M-OSAM. ஜோசியர் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்து, சூரியனுடைய எண், அமோகம் என்றார். முதலாளிக்கு எழுத்து எழுத்தாக விளக்கினேன். ஓம், சுப்பிரமணியர், அம்சவல்லி, முருகன். அம்சவல்லி அவர் மனைவி.

“முருகன் ரெண்டு தபா வர்றாரே?”

“மேல போற வண்டிங்க. இருக்கட்டுமே.”

மீனம்பாக்கத்தில் பூஜை போட்டோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். பூசணிக்காயை உள்ளே உடைக்க விடவில்லை, வெளிவாசலில் உடைத்தோம். முதலாளியின் கார் ஓட்டும் எழிலரசன் விமானத்தின் வால் பக்கம் போய் நின்று உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினான்.

“சார், நடுவுல கோட்ட எட்துட்டுப் பட்சா மோசம்னு வருது சார்.”

“அது இங்கிலீஷ்ப்பா. தமிழா படிக்கக் கூடாது.”

அவன் தோள் குலுங்கக் குலுங்கக் கார் பக்கம் போய்விட்டான். வேலை முக்கியம் என்று தெரிந்த ஆள், யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டீர்கள். பேச்சிராஜுக்காகச் செய்தேன்.

பேச்சிராஜ் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரன். பிள்ளைப்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகப் பிரஸ் லைனில் நின்றான். நான் அந்த எழுத்துகளைத் தேடி உட்கார்ந்ததற்கு முந்தின மாதம், ஓ.டி. பார்க்கும்போது பிரஸ் இறங்கி அவன் வலது கையில் மூன்று விரல்கள் போயின. இ.எஸ்.ஐ. உதவி கிடைக்க வேண்டுமானால் அவன் இங்கே வேலை பார்த்தான் என்று கம்பெனி சொல்ல வேண்டும். கட்டுப் போட்ட கையோடு என்னிடம் வந்தான்.

“அண்ணாச்சி, ஒரே ஒரு வரி போதும். நா இங்கதான் வேல பாத்தேன்னு. நீங்க எழுதுனா மொதலாளி தட்ட மாட்டாவல்லா?”

மனு எழுதிக் கொடுத்தேன். உருக்கமாக வந்திருந்தது. மறுநாள் அது தபாலில் என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. முதலாளியிடம் கொண்டுபோனேன்.

“ஆக்சிடென்ட்னு வெளிய தெர்ஞ்சா ஜப்பான்காரன் ஆர்டர நிறுத்திடுவான். எதனா பதமா எழுதி அனுப்பு.”

எழுதினேன். ‘மேற்கண்ட பெயருள்ள எவரும் எங்கள் நிறுவனத்தோடு எக்காலத்திலும் எவ்விதத் தொடர்பும் கொண்டிருந்ததில்லை.’ மனுவையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் என் கை. பதில்தான் நன்றாக வந்திருந்தது.

அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு பேச்சிராஜ் மறுபடி என்னிடமே வந்தான்.

“இத எழுதுனவன் கை வெளங்குமா அண்ணாச்சி?”

இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இந்தப் பையனுக்காக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.

தை பிறந்ததும் முதல் பயணம், சிங்கப்பூருக்கு. யார் யார் ஏறுகிறார்கள் என்ற பட்டியலை உடைமையாளர்தான் அனுப்ப வேண்டும். அனுப்பினேன். அம்சவல்லி அம்மாள் பெயர் இருந்தது, சம்பந்தி வீட்டார் பெயர்கள் இருந்தன. முதலாளி பெயர் எங்கும் வரவில்லை. அவர் சொன்னபடிதான். விமான நிலைய வாசலில் காவலர்கள் அவரை நிறுத்திவைத்துக்கொண்டு, இவர் யார் என்று என்னைக் கேட்டார்கள். எழுத்தில் பதில் அனுப்பினேன். பேச்சிராஜுக்கு எழுதிய அதே வாக்கியம்.

முதலாளி போன் செய்தார்.

“யோவ், என் பிளேனாண்ட என்னியே வுட மாட்றான்யா. நீ ஒரு வார்த்த சொல்லுய்யா.”

ஒரு வார்த்தை. அவனும் அப்படித்தான் கேட்டான், ஒரு வரி.

“எழுத்துல கேளுங்க. பதில் எழுதுறேன்” என்றேன்.

கட்டிய இட்லி வீணாகக் கூடாது என்று அம்மாள் ஏறிப் போய்விட்டார். விமானம் திரும்பி வந்த வாரமே அதை விற்றேன். விற்றது நான், பணம் வந்தது தீவில் உள்ள என் கம்பெனிக்கு. இதை யார் வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

முதலாளி கொடுத்த புகாரைக் காட்டினீர்கள். என்னைப் பிடித்தால் தானும் வரிக்காரர்களிடம் மாட்டுவார் என்று தெரிந்தும் கொடுத்திருக்கிறார். பாவம், எழுதிக் கொடுக்க ஆள் இல்லை போலிருக்கிறது, தேதி இடது பக்கம் இருக்கிறது. ‘நம்பிக்கை மோசடி’ என்று போட்டிருக்கிறார். மோசம் என்று வாலிலேயே பெரிய எழுத்தில் எழுதி, அவர் கையாலேயே சூடமும் காட்டிய பிறகு, அது எப்படி ஐயா மோசடி ஆகும்? நான் முன்கூட்டியே அறிவித்திருக்கிறேன்.

பணத்தில் பேச்சிராஜுக்கு என்ன கொடுத்தாய் என்று கடைசியாகக் கேட்டீர்கள். அவன் கேட்டது பணம் இல்லையே. ஒரு வரிதான் கேட்டான். போன வாரமும் அதையே கேட்டு எனக்குக் கடிதம் போட்டிருந்தான். லைனில் அவன் நின்றதைப் பார்த்தவன் என்று நானாவது எழுதித் தர வேண்டுமாம். இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறான் போல, வரிகள் எல்லாம் கீழே இறங்கிப் போயிருந்தன.

வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது என் வழக்கம் இல்லை. ஒரகடம் கம்பெனியில் நான் இப்போது இல்லை. ஆகவே என் கம்பெனியின் இயக்குநராகப் பதில் எழுதினேன். என் கம்பெனியில் அவன் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. அதனால் அதே வாக்கியத்தைப் போட்டேன், ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. இந்த முறை அது பொய்யும் இல்லை.

அவன் கடிதத்தில் நிறையப் பிழைகள். தேதியைக்கூட இடது மூலையில் போட்டிருந்தான். எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தி, பதிலோடு சேர்த்து அவனுக்கே அனுப்பியிருக்கிறேன். அந்தப் பையனுக்கும் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
வனமாமலை