குறட்டையே விடாதவர்

என் வீட்டுக்காரருக்குத் தலையணையில் தலை பட்டால் போதும், இன்ஸ்பெக்டர் ஐயா, தூங்கிவிடுவார். அதில் ஒரு குறையும் இல்லை. குறட்டைதான் கொஞ்சம் பெரிசு.

அதற்காகக் கீழ்வீட்டுத் தையல்காரர் கோர்ட்டுக்கே போவார் என்று யார் கண்டது? தன் மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லையாம். எங்களைக் காலி செய்ய வைக்க வேண்டுமாம். இந்த வயதில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? "என் கணவருக்குக் குறட்டை விடும் வழக்கம் இல்லை" என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"யோசிச்சுத்தானே போட்டீங்கம்மா? பொய்யாப் போச்சுன்னா ஜெயில்," என்றார் வக்கீல்.

அது மனசில் தைத்துவிட்டது. நான் வாக்குத் தவறாதவள். செய்த சத்தியம் பொய்யாகக் கூடாதில்லையா? அன்று மத்தியானமே, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவரைத் தட்டி எழுப்பினேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க. தூங்காதீங்க. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீதானே பண்ணினே? நீ தூங்காம இரு."

இப்படிக் குதர்க்கம் பேசுகிற மனுஷர். அதிலிருந்து அவருக்குக் கண் சொருகும்போதெல்லாம் காதோரம் ஒரு தட்டைக் கீழே போட்டேன். உட்கார்ந்தால் கண்ணயர்வார் என்று நாற்காலிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். நான் தூங்கும் நேரத்துக்கு அலாரம் கடிகாரத்தை அவர் பனியனுக்குள் கட்டிவிட்டேன். வீட்டில் குறட்டை என்ற பேச்சே இல்லை. அவர் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஒரு நாள் தையல்காரரே மாடியேறி வந்து கும்பிட்டார்.

"கேஸை வாபஸ் வாங்கிக்கறேம்மா. அந்த மனுஷனைத் தூங்க விடுங்க."

"அதெல்லாம் முடியாது. குறட்டையே விடாதவர் மேல பழி போட்டீங்கல்ல, கோர்ட்டுல பாத்துக்கலாம்," என்றேன்.

விசாரணையில் என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். அவரையும் கூண்டில் ஏற்றிப் பெயரைக் கேட்டார்கள். நின்ற வாக்கிலேயே தூங்கிவிட்டார். நீதிபதியின் தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து மேஜை ஓரத்துக்கு வந்தது.

"என்னம்மா இது?" என்றார் நீதிபதி.

"பதில் சொல்றாருங்க," என்றேன்.

சரி, அதையும் சேர்த்து இரண்டு பொய் என்றே எழுதிக்கொள்ளுங்கள். முதல் பொய்யைத் தெரிந்தேதான் சொன்னேன். ஜெயிலுக்குப் போகவும் தயார். ஒரே ஒரு கவலைதான். நான் உள்ளே போய்விட்டால் அவரை எழுப்ப யார் இருக்கிறார்கள், பாவம்?