நீர்யானையின் நாற்காலி

தபுச்சி: மெதுவாப் பிரி சாயோ, அட்டை கிழிஞ்சிடப் போகுது. ஏன் பெட்டியைச் சுவத்துப் பக்கமாத் திருப்பி வச்சுப் பிரிக்கற?

சாயோ: சும்மாதான்... கேன்டீன் வாசல்ல காத்து அடிக்குது.

தபுச்சி: ஏப்ரல் மாசக் காத்துக்கா? இந்தக் கதையை வேற யார்கிட்டயாவது சொல்லு.

சாயோ: கொஞ்சம் மெதுவாப் பேசேன், தபுச்சி-சான். உள்ள எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்காங்க.

தபுச்சி: உடோன் நூடுல்ஸை உறிஞ்சற சத்தத்துல அவங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. சரி, மாநகராட்சிக்கு நீதானே சம்மதம் கொடுத்த?

சாயோ: நான்தான். ஆட்டிசம் விழிப்புணர்வு வாரத்துக்கு நான் நெட்ல போட்ட படக்கதையைப் பெருசா அச்சடிச்சு, ஊர்ல இருக்கிற சில கம்பெனிகள்ல வைக்கலாமான்னு மெயில் வந்துச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல. அடுத்த நிமிஷமே சரின்னு போட்டுட்டேன்.

தபுச்சி: எந்தக் கம்பெனின்னு கேக்கலையா?

சாயோ: இந்தத் தகமாட்சுவுல எத்தனை கம்பெனி இருக்கு! போயும் போயும் காகிதப்பை செய்யற நம்ம கம்பெனிக்கே வரும்னு கனவா கண்டேன்?

தபுச்சி: வந்துடுச்சே. பெட்டி நிறைய முயலும் நீர்யானையும்.

சாயோ: சிரிக்காதே. யாராவது கண்டுபிடிச்சா நான் தொலைஞ்சேன்.

தபுச்சி: எப்படிக் கண்டுபிடிப்பாங்க? நிகாவா சாயோன்னு உன் பேரா போட்டிருக்கு? 'நீளக்காது'ன்னு புனைபெயர்தானே இருக்கு.

சாயோ: பேர் எதுக்கு? அந்த முயலைப் பார்த்தாப் போதாதா? போன் அடிச்சா மேஜைக்கு அடியில ஒளிஞ்சுக்குது. லைட் விட்டு விட்டு எரிஞ்சா கண்ணைப் பொத்திக்குது. "நீயே பார்த்து ஏதாவது செஞ்சிடு"ன்னு யாராவது சொல்லிட்டா, அந்த 'ஏதாவது' என்னன்னு நாள் பூரா யோசிச்சுட்டே உக்காந்திருக்கு...

தபுச்சி: அதை வச்சு உன்னைக் கண்டுபிடிப்பாங்களா? நீ போன்ல பேசற அழகும், நாள் முழுக்க சிரிச்ச முகமும்... உனக்கு ஆட்டிசம்னு டாக்டர் சொன்னதை நீ என்கிட்ட சொன்னப்போ நானே நம்பலையே. "பார்த்தாத் தெரியலையே"ன்னு உளறிட்டேன்.

சாயோ: அதையும் ஒரு படமா வரைஞ்சேன்.

தபுச்சி: பார்த்தேன்டி. அதுல நான் நரி. வாலை மட்டும் ஏன் அவ்ளோ குண்டாப் போட்ட?

சாயோ: விளையாடாதே. பார்த்தாத் தெரியாம இருக்கத்தான் நான் இவ்ளோ பாடு படறேன். வீட்டுக்குப் போனா திரையை இழுத்து விட்டு, பேச்சு மூச்சில்லாமக் கிடக்கேன். அது இங்க யாருக்கும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா நாளையிலேர்ந்து எல்லாரும் என்கிட்ட குழந்தைகிட்ட பேசற மாதிரி பேசுவாங்க... ஆனா இப்போ முயல்கூடப் பிரச்சினை இல்ல.

தபுச்சி: நீர்யானையா?

சாயோ: உஷ்!

தபுச்சி: நம்ம தலைவர் ஒகுமுரா கச்சோவை நீ அப்படியே உரிச்சு வச்சிருக்க. காலையில வணக்கம் சொன்னா ஏறெடுத்தும் பார்க்காமப் போறது. அப்புறம் திடீர்னு மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு கத்தறது. மீட்டிங்ல யாரு உக்காந்திருந்தாலும் எழுப்பி விட்டுட்டு, அந்தக் கோடி நாற்காலியில தான் உக்காந்துக்கறது...

சாயோ: அந்தப் படத்துக்குத்தான் ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இதோ பாரு, 'நீர்யானையின் நாற்காலி'. இதை மட்டும் கதவளவுக்கு அச்சடிச்சிருக்காங்க.

தபுச்சி: அம்மாடி! மூக்கு ஓட்டைகூடக் கச்சோவோடதுதான்.

சாயோ: நம்ம செக்‌ஷனுக்கே தலைவர் அவர். இந்த மாசம் என்னைப் பணி நிரந்தரம் பண்ணச் சொல்லி சிபாரிசு எழுத வேண்டியவரும் அவர்தான். தன்னை நீர்யானையாக்கி ஊரையே சிரிக்க வச்சது நான்தான்னு தெரிஞ்சா எழுதுவாரா?

தபுச்சி: எழுதுவாரு. என்ன எழுதுவாருன்னுதான் தெரியாது.

சாயோ: தபுச்சி-சான்!

தபுச்சி: சரி, சரி. ஒரு வழி சொல்றேன். இந்த ஒரு படம் பெட்டியில வரவே இல்லைன்னு வச்சுக்கோ. குளிர்பான மெஷினுக்குப் பின்னாடி சொருகிடலாம். நீ அந்தப் பக்கம் பிடி... ம், தள்ளு... இன்னும் கொஞ்சம்...

ஒகுமுரா: நிகாவா-சான்! அந்தப் படம் எங்க போகுது?

சாயோ: க... கச்சோ! இது... மூலை கொஞ்சம் மடங்கியிருக்கு. விட்டுடலாம்னு...

ஒகுமுரா: எங்க, காட்டுங்க. மடங்கலையே! நல்லாத்தானே இருக்கு!

தபுச்சி: கச்சோ, நாங்க பக்கத்துலதான் நிக்கறோம்.

ஒகுமுரா: கத்திட்டேனா? மன்னிச்சுக்கோங்க. இது நடுவுல வரணும். முதலாளி, மாநகராட்சிக்காரங்க, பத்திரிகை போட்டோகிராபர் எல்லாரும் சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் வந்துடுவாங்க. முதலாளியை இந்தப் படத்துக்குப் பக்கத்துலதான் நிக்க வைக்கணும்.

தபுச்சி: இதுவா? முயல் போன்ல பேசற படம் இதைவிட நல்லாயிருக்கே, கச்சோ. கலரும் எடுப்பா இருக்கு...

ஒகுமுரா: இல்ல, இதுதான். இது வேணும்னு நான் கேட்டு வாங்கினேன்.

சாயோ: நீங்க... கேட்டு வாங்கினீங்களா?

ஒகுமுரா: மாநகராட்சிக்கு நேர்லயே போனேன். நம்ம கம்பெனி பேரை லிஸ்ட்ல சேர்த்ததும் நான்தான். தபுச்சி-சான், ஸ்டோர்லேர்ந்து பெரிய கொக்கி எடுத்துட்டு வாங்க. நிகாவா-சான், நீங்க படத்தோட இடது மூலையைப் பிடிங்க. நான் இந்தப் பக்கம் பிடிக்கறேன். சுவத்துல வச்சுப் பார்க்கலாம்.

தபுச்சி: இதோ வந்துடறேன். சாயோ... மூச்சு விடு.

ஒகுமுரா: தூக்குங்க... அப்படித்தான். எவ்ளோ அழகா வரைஞ்சிருக்காங்க பாருங்க.

சாயோ: ரொம்ப சுமாராத்தான் இருக்கு.

ஒகுமுரா: இந்த நீர்யானை கொஞ்சம்கூட வெக்கமில்லாம உக்காந்திருக்கு. பக்கத்துல அந்தத் தவளைக்குட்டி, பாவம், எந்திரிச்சு நிக்குது.

சாயோ: அது... சும்மா விளையாட்டுக்கு...

ஒகுமுரா: வரைஞ்சது யாருன்னு மாநகராட்சியில சொல்ல மாட்டேன்னுட்டாங்க. வரைஞ்சவங்களை நேர்ல பார்த்து நான் ஒரு வார்த்தை பேசணும்.

சாயோ: என்ன பேசணும்?

ஒகுமுரா: இன்னும் கொஞ்சம் மேல.

சாயோ: கச்சோ... அந்த ஆளை நீங்க தேட வேண்டாம்.

ஒகுமுரா: உங்க பக்கம் இறங்கியிருக்கு.

சாயோ: நான்தான் கச்சோ. நான்தான் அந்த நீளக்காது. எனக்கு ஆட்டிசம்னு டாக்டர் சொல்லி ரொம்ப நாளாச்சு. இங்க சொல்லப் பயம். வெளிய சொல்ல முடியாம முழுங்கினதை எல்லாம் வரைஞ்சேன். எங்களை மாதிரி ஆளுங்க என்ன படறோம்னு நாலு பேருக்குத் தெரியட்டும்னு... ஆனா அந்த நீர்யானையை நான் அப்படி வரைஞ்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.

ஒகுமுரா: சுவரு ஈரமா இருக்கே.

சாயோ: ...கச்சோ?

ஒகுமுரா: பெயின்ட் அடிக்கச் சொல்லிப் போன வருஷமே எழுதிக் கொடுத்தேன். யாரு கவனிக்கறாங்க!

சாயோ: நான் இப்போ சொன்னது...

ஒகுமுரா: படம் ஆடுதே. கை வலிக்குதா?

தபுச்சி: பெரிய கொக்கி இல்ல கச்சோ. சின்னதுதான் இருந்துச்சு.

ஒகுமுரா: சின்னதே போதும், தபுச்சி-சான். இப்படிக் கொடுங்க.

சாயோ: அவ முணுமுணுத்தாக் கேக்குது!

தபுச்சி: ஏய், என்னாச்சு?

சாயோ: உயிரைக் கையில பிடிச்சுட்டு இவ்ளோ நேரம் சொன்னேன். அதுக்கு சுவரு ஈரமா இருக்காம்! நீ வந்து கொக்கின்னு முணுமுணுத்த உடனே பதில் வருது. தினம் காலையிலயும் இதேதான். நான் குனிஞ்சு வணக்கம் சொல்றேன், சுவத்தைப் பார்க்கற மாதிரி தாண்டிப் போறாரு. நான் என்ன மனுஷி இல்லையா, கச்சோ?

தபுச்சி: சாயோ... சொல்லிட்டியா? அதையா?

ஒகுமுரா: நிகாவா-சான்... என்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?

சாயோ: ஏதாவதா!

ஒகுமுரா: தபுச்சி-சான், கொஞ்சம் வாசலுக்குப் போய் முதலாளி வந்துட்டாரான்னு பாருங்க. வந்திருந்தா ஏதாவது பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைங்க.

தபுச்சி: முதலாளிகிட்ட நான் என்ன பேசறது?

ஒகுமுரா: பேச்சுக்கா உங்ககிட்ட பஞ்சம்? போங்க, போங்க.

தபுச்சி: கச்சோ, அவளைத் திட்டாதீங்க. நல்ல பொண்ணு.

ஒகுமுரா: போங்கன்னேன்... நிகாவா-சான், படத்தைக் கீழ வச்சிடலாம். அழாதீங்க. இந்தப் பக்கம் வாங்க... அங்க இல்ல. எனக்கு வலது பக்கமா வந்து நில்லுங்க.

சாயோ: எதுக்கு?

ஒகுமுரா: இடது காது எனக்குக் கேக்காது.

சாயோ: கேக்காதா?

ஒகுமுரா: சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அதோட போச்சு. சுத்தமாக் கேக்காது. இந்தக் கேன்டீன் சத்தத்துல நீங்க அந்தப் பக்கம் நின்னு என்ன சொன்னீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

சாயோ: அப்போ காலையில...

ஒகுமுரா: உங்க மேஜை என் இடது பக்கம்தானே வருது.

சாயோ: அந்தக் கோடி நாற்காலி?

ஒகுமுரா: அங்க உக்காந்தாத்தான் எல்லாரும் எனக்கு வலது பக்கமா இருப்பாங்க. இடம் மாத்திக் கொடுங்கன்னு கேக்கலாம். கேட்டா ஏன்னு கேப்பாங்களே. அதுக்கு பயந்துட்டு "எழுந்திரு"ன்னு அதட்டிடறேன். வேலைக்குச் சேர்ந்தப்போ மறைச்சேன். அப்புறம் சொல்றதுக்கு ஒரு நாளும் வாய்க்கல. இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது.

சாயோ: இத்தனை வருஷமாவா...

ஒகுமுரா: என் கதை இருக்கட்டும். நீங்க சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க.

சாயோ: இல்ல... வேண்டாம் கச்சோ. அது ஒண்ணுமில்ல.

ஒகுமுரா: ஒண்ணுமில்லாததுக்கா இப்படி அழறீங்க? கார் கதவு சாத்தற சத்தம் கேக்குது. சீக்கிரம்.

சாயோ: முயல் நான்தான். எனக்கு ஆட்டிசம். படமெல்லாம் நான்தான் வரைஞ்சேன். அந்த நீர்யானை... நீங்க. பார்த்தாத் தெரியலையேன்னு சொல்றவங்களை எல்லாம் வரைஞ்சு வரைஞ்சு திட்டினேன். உங்களை நானும் வெளியில தெரிஞ்சதை மட்டும் வச்சுத்தான் வரைஞ்சிருக்கேன். கெஞ்சிக் கேக்கறேன், இதை மாட்டாதீங்க.

ஒகுமுரா: நீர்யானை நான்தான்னு என் பொண்ணு புத்தாண்டு லீவுலயே கண்டுபிடிச்சுட்டா, நிகாவா-சான். முதலாளி முன்னாடி இதுக்குப் பக்கத்துல நின்னு, "இது நான்தாங்க, எனக்கு ஒரு காது கேக்காது"ன்னு இன்னிக்காவது சொல்லிடணும்னுதான் இதைக் கேட்டு வாங்கினேன். அந்த மூலையைப் பிடிங்க, மாட்டிடலாம்... முயல் யாருன்னு கேட்டா, நீங்களா வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது.