ஸ்டுடியோ அக்கா அடுக்கின மெனு

...அதான் சொல்றேன், தப்பு என்மேல இல்லம்மா, எல்லாம் என் தம்பி பண்ண வேல! உக்காருங்க, உக்காருங்க. போட்டோதான் எடுத்தாச்சே, பிரிண்ட்தானே? இதோ. விசா ஆபீஸ் மத்தியானத்தோட மூடிடுவாங்கன்னு தெரியும்மா, எத்தன தடவ சொல்வீங்க!

கம்ப்யூட்டர்ல வைரஸ் வருது, வைரஸ் வருதுன்னு புலம்பினேன். புலம்பினது ஒரு குத்தமா? லீவுல வந்தவன், இருந்த விண்டோஸத் தொடச்சிட்டு, அதுக்குப் பதிலா லினக்ஸ ஏத்திட்டான். வைரஸ் வரல, ஒத்துக்கறேன். ஆனா அந்த மெனு இருக்கே... கீழ மூலைல அமுக்கினா வருமே, அதுதான். கிராபிக்ஸ், இன்டர்நெட், ஆபீஸ், சிஸ்டம்னு தலைப்பு தலைப்பா இருந்துச்சு. கடைசில 'மற்றவை'ன்னு ஒண்ணு! வீட்லயும் அவன் அப்படித்தான். பழைய சார்ஜர், சாவி, கத்தரிக்கோல்னு எல்லாத்தையும் ஒரே டிராயர்ல திணிச்சிட்டு, சுத்தம் பண்ணிட்டேம்பான். அவன் பொண்டாட்டி பாவம்... சரி, அது நமக்கெதுக்கு.

நீங்களே சொல்லுங்க, ஆள் வந்து நிக்கும்போது போட்டோ வெட்டறது ஒரு தலைப்புல, பிரிண்டர் இன்னொரு தலைப்புலன்னு அலைய முடியுமா? நானே மாத்திட்டேன். மெனு எடிட்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல நம்ம இஷ்டத்துக்குத் தலைப்பு வைக்கலாம். 'கஸ்டமர் இருந்தா', 'கஸ்டமர் போனா', அப்புறம் 'தம்பி பாக்கக் கூடாது'... சீட்டாட்டம்தாம்மா, வேற ஒண்ணுமில்ல, சிரிக்காதீங்க!

புரியாததையெல்லாம் 'தொல்லை'ன்னு ஒரு தலைப்புல தள்ளினேன். பக்கத்துல இருக்கற டிக்க எடுத்தா அந்தத் தலைப்பே மறைஞ்சிடுது. அடேயப்பா, என்ன நிம்மதி! மெனு அப்படியே தொடச்சு வச்ச மாதிரி...

இருங்க, பிரிண்டர்... 'கஸ்டமர் இருந்தா'வுல காணோமே. ஓ! அதோட பேரு வாய்லயே நுழையல, தொல்லைல தள்ளிட்டேன் போல. பரவால்ல, மெனு எடிட்டர தொறந்து திரும்ப டிக்கப் போட்டா... மெனு எடிட்டர்... எங்க போச்சு... ஐயையோ. வேல முடிஞ்சிடுச்சே, இனிமே இது எதுக்குன்னு அதையும்... தொல்லைலயே...

தம்பிக்கு போன் போடலாம்தான். 'இனிமே என் கம்ப்யூட்டர்ல கை வச்சே, தெரியும்'னு போன வாரம்தான் கத்தி அனுப்பினேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?

ஏம்மா, ஏன் எழுந்துட்டீங்க? பைய வைங்க! எங்க... எதுத்த ஸ்டுடியோவுக்கா? அவன்கிட்டயா! கன்னத்துக்கு வெள்ளையடிச்சு அனுப்பிடுவான், விசா ஆபீஸ்ல உங்கள யாருன்னே தெரியாது! உங்க மூஞ்சி இன்னும் என் கேமராலதாம்மா இருக்கு!

சரி, போங்க, போங்க... ஏம்மா, ஒரு நிமிஷம்! அவனுக்கும் லினக்ஸ்தானாம். மறைச்ச தலைப்ப எப்படி வெளிய கொண்டு வர்றதுன்னு சும்மா கேட்டு, போறப்ப கதவுலேர்ந்தே சொல்லிட்டுப் போங்களேன். கேட்டது நான்னு மட்டும் சொல்லிடாதீங்க!