அடைக்கூடையில் இருந்த கத்தி

என் பெயர் அடைக்கலமேரி, வயது 43, கணவர் பெயர் அம்புரோஸ். இராயபுரம், மாதா கோயில் சந்து, கதவு எண் 9/2இல் குடியிருக்கிறேன். வீட்டிலேயே நைட்டி தைக்கிறேன். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போய் இன்றோடு எட்டு நாள் ஆகிறது. வீட்டில் நானும் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் மெர்லினும்தான்.

வீட்டின் பின்பக்கம் நாலு தொட்டிச் செடியும் ஒரு கறிவேப்பிலை மரமும் உள்ள சின்னத் தோட்டத்தில் பேண்டம் கோழிகள் ஒன்பது வளர்க்கிறேன். புறா அளவுதான் இருக்கும், காலெல்லாம் இறகு. அறுக்கவும் அல்ல, விற்கவும் அல்ல, ஆசைக்கு வளர்ப்பது. இதைக் கேட்டு எழுதுகிற காவலர் சிரித்தார். சிரிக்கட்டும்.

இம்மாதம் 2ஆம் தேதி ஸ்டெல்லாவை ஏழு முட்டையில் அடைவைத்தேன். ஸ்டெல்லா என்பது கோழியின் பெயர். 4ஆம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு இடி இடித்தது. இடிச்சத்தத்தில் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று அடைக்கூடையில் கரித்துண்டும் வற்றல் மிளகாயும் இரும்பும் வைப்பது எங்கள் வழக்கம். எப்போதும் வைக்கும் பழைய பூட்டு அவசரத்துக்குக் கிடைக்கவில்லை. அதன் பிறகு தோட்டத்தில் தேடியதில், மதில் ஓரம் கறிவேப்பிலை அடியில், பிடி இல்லாத கத்தி ஒன்று சேற்றில் கிடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஐஸ் பாக்டரிச் சந்து. மீன் வெட்டுகிறவர்கள் தேய்ந்த கத்தியை அங்கே வீசுவது உண்டு. சேற்றோடு சிவப்பாகவும் ஏதோ ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்து, போட்டிருந்த நைட்டியிலேயே துடைத்து, கூடையில் வைக்கோலுக்கு அடியில் வைத்துவிட்டேன். நான் துடைத்தது தெரியாமல் செய்த தப்பு. மறைக்க வேண்டும் என்று செய்யவில்லை.

மறுநாள் காலையில், ஐஸ் பாக்டரியில் லோடு ஏற்றும் செங்குட்டுவனை முந்தைய நாள் மாலை அந்தச் சந்தில் யாரோ குத்திவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் இருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்போதும் எனக்குக் கூடை ஞாபகம் வரவில்லை.

8ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு, பக்கத்துத் தெருவில் இருக்கும் வல்லரசு என் வீட்டுக்கு வந்தார். ஐஸ் வண்டி ஓட்டுகிறவர், வயது முப்பதுக்குள் இருக்கும். கோழி பார்க்க வந்ததாகச் சொன்னார். ஆனால் அவர் ஒரு கோழியையும் பார்க்கவில்லை. மதில் ஓரமாகவே குனிந்து நடந்தார், தோட்டத்தைப் பெருக்கினேனா என்று இரண்டு முறை கேட்டார். அதன் பிறகு அடைக்கூடைப் பக்கம் கையை நீட்டியதும் ஸ்டெல்லா சிலிர்த்துக்கொண்டு கட்டைவிரலில் ஒரே கொத்து கொத்தியது. ரத்தம் வந்தது. “இன்னாக்கா, இத்தினூண்டு கீது, இந்தக் கொத்து கொத்துது” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகுதான் எனக்குக் கூடையில் வைத்த கத்தி ஞாபகம் வந்தது. கோழியைத் தூக்கிப் பார்த்தேன். கத்தியில் பிடி இருந்திருக்க வேண்டிய இடத்தில், நான் துடைத்தும் போகாமல், சிவப்பு அப்படியே இருந்தது. பழைய துரு இல்லை, நாலைந்து நாளைக்கு முந்தைய ரத்தம் என்று அப்போதுதான் புரிந்தது. திரும்பவும் கோழியை அதன் மேலேயே உட்கார வைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

9ஆம் தேதி மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்த மெர்லினை வல்லரசு வழியில் நிறுத்தி, உங்கள் அம்மா தோட்டத்தில் ஏதாவது எடுத்தாளா என்று கேட்டிருக்கிறார். நான் அவளிடம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அடைக்கூடையில் வைக்க ஒரு இரும்பு எடுத்தாள் என்று குழந்தை உள்ளதைச் சொல்லிவிட்டாள். அன்று மாலை முழுவதும் அவருடைய வண்டி சந்து முனையிலேயே நின்றதால் நான் வெளியே போகவில்லை. கதவுக்குத் தையல் மிஷினை முட்டுக்கொடுத்து வைத்தேன்.

இன்று காலை, பள்ளிக்கூடம்தான் பத்திரம் என்று நினைத்து மெர்லினைக் கொண்டுபோய் விட்டு, நான் வரும்வரை கேட்டைத் தாண்டக் கூடாது என்று சொன்னேன். மத்தியானம் வண்டி சந்து முனையில் இல்லாத நேரம் பார்த்து, கத்தியை இன்னொரு தடவை தொடப் பயந்து, கூடையோடும் கோழியோடும் ஆட்டோவில் காவல் நிலையத்துக்கு வந்தேன். கோழிக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்தவர் காவலர் மதி. அவரையும் கொத்தியது.

இதுவரை சொல்லிக்கொண்டிருந்தபோது, மாலை 3.40க்கு மெர்லினின் வகுப்பு டீச்சர் போன் செய்தார். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி மாமா ஒருவர் மெர்லினை அழைத்துப்போக வந்திருக்கிறார், அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்பாதீர்கள் என்று நான் கத்தியதில் வாக்குமூலம் நிறுத்தப்பட்டது. 4.35க்கு மீண்டும் தொடங்கப்பட்டது. இப்போது மெர்லின் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஜீப் போவதற்குள் வல்லரசு போய்விட்டார். கேட்டுக் கம்பி வழியாக அவளிடம் அவர் சொன்னது இது: “ஒங்கம்மா டேசன்ல கீதாமே. பாத்து பேசச் சொல்லு.”

நான் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் எழுதச் சொன்னேன். அதெல்லாம் வாக்குமூலத்தில் வராது என்றார் உதவி ஆய்வாளர் ரஹீமுன்னிசா. எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். காவலரை எழுதச் சொன்னார். வாசித்துக் காட்டியதை மகளோடு சேர்ந்து கேட்டேன். கத்தி எடுத்ததும் வல்லரசு வந்ததும் எவ்வளவு நிஜமோ, என் பயமும் அவ்வளவு நிஜம்.

(ஒப்பம்) அ. அடைக்கலமேரி